ஈரக்காற்றிலும் கலையாத ஸ்டைல்: குறைந்த செலவில் என்ன வாங்கலாம், எப்படிப் போடலாம்

குமரி மாவட்டத்தில் முடியை ஸ்டைல் செய்வதில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிரமம் இருக்கிறது. ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழையும் நமக்குண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடலோரம் வேறு. காற்றில் ஈரமில்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெங்களூருவில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர் பரிந்துரைக்கும் கிரீமை குளச்சலில் தடவினால், வீட்டில் பளபளவென்றிருந்த முடி பஸ் ஏறும்முன் பரட்டையாகிவிடும். கிரீமின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது நம் காற்றுக்குப் பொருந்தாத கிரீம், அவ்வளவுதான்.

முடியைச் சுருட்டினாலும் நீட்டினாலும் உள்ளே நடப்பது ஒன்றே. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரோ சூடோ பட்டால் விட்டுப்போகும், உலர்ந்து ஆறும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். டிரையர், ரோலர், ஸ்ட்ரெய்ட்னர் எல்லாமே இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் புகுந்தால் அந்தப் பிணைப்பு மறுபடி விடும், ஸ்டைல் போய்விடும். ஆகவே இந்த ஊரில் காசு போட வேண்டிய இடம் இரண்டு: முடியைச் சுத்தமாகக் கழுவி முழுதாக உலர்த்துவது, ஈரம் உள்ளே போகாமல் மேலே ஒரு மெல்லிய பூச்சுக் கொடுப்பது. மற்றவை எல்லாம் வாசனையும் டப்பாவின் அழகும்தான்.

முதலில் தண்ணீர். கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் உள்ளது. சோப்பு நுரைக்கவில்லை, வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறது என்றால் அதே கால்சியமும் மக்னீசியமும் முடியிலும் படிந்துகொண்டிருக்கிறது. அந்தப் படிவின்மேல் எவ்வளவு விலை கூடிய சீரம் போட்டாலும் முடி சொரசொரப்பாகவே இருக்கும். தண்ணீர் முழுவதையும் மாற்ற முடியாவிட்டாலும், கடைசியாக அலசும் இரண்டு கப் தண்ணீரை மட்டும் நல்ல தண்ணீராக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ போதும். கொதிக்கவைத்து ஆறி, அடியில் படிந்ததை விட்டுத் தெளிந்ததை எடுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும். உப்பு மட்டும் அப்படிப் போகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து முடியின் நீளத்தில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசிவிடலாம். கடையில் விற்கும் சாதாரண வெள்ளை வினிகரே இதற்கு ஏற்றது. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தலை எரியும். படிவு அதிகமுள்ளவர்கள் கால்சியத்தைப் பிடித்து எடுக்கும் இடிடிஏ சேர்த்த க்ளாரிஃபையிங் (படிவு நீக்கும்) ஷாம்பு ஒன்றை மாதம் இருமுறை போட்டால் போதும், தினமும் வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்லமாட்டேன். கழுவுவதற்குமுன் தடவினால் அது முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. கழுவியபிறகும் முடியில் தங்கியிருக்கும் எண்ணெய்தான் தொல்லை. வீட்டில் செய்யும் ஸ்டைல் நிற்காமல் போவதற்கு நான் அதிகம் காணும் காரணம் இதுவே. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஜெல் ஒட்டாது, ரோலர் வழுக்கும், வேர்ப்பகுதி மண்டையோடு படுத்துக்கிடக்கும். ஸ்டைல் செய்யும் நாளில் எண்ணெய் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஷாம்புவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து இருமுறை போடுங்கள். முதல் தடவை நுரை வராது, எண்ணெயை எடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டாவது தடவை நுரை பொங்கினால் தலை சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசவும்.

இங்கே சிக்கனத்துக்கு வழி இருக்கிறது. ஷாம்புவும் கண்டிஷனரும் கழுவிப் போகிறவை, அவற்றில் பெரிய காசு போட அவசியமில்லை. இப்போது பாக்கெட்டிலேயே ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட்டு வருகிறது. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் தேடினால் தெரியும். பெரிய பாட்டில்தான் லாபம் என்று நினைக்காதீர்கள். பல பிராண்டுகளில் சாஷே மில்லிக்கணக்கில் மலிவாக இருக்கும். சீரத்துக்கும் இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். 100 மில்லி 250 ரூபாய் என்றால் மில்லிக்கு இரண்டரை ரூபாய். நெஞ்சளவு முடிக்கு ஒரு தடவை ஒரு மில்லி போதும். அதையே 30 மில்லி 120 ரூபாய்க்கு வாங்கினால் மில்லிக்கு நான்கு ரூபாய். ஆனால் ஒரு சீரம் ஒத்துவருமா என்று தெரியும்வரை சின்னதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

லேபிளைப் படிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதிகமாக உள்ள பொருள் முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் ஆர்கன் ஆயிலும் வெங்காயமும் பின்பக்கம் வாசனைப் பொருளுக்கும் பிறகு வந்தால் அவை பெயருக்குத்தான் இருக்கின்றன. கழுவாமல் விடும் சீரத்தில் முதல் சில பெயர்களுக்குள் சைக்ளோபென்டாசிலாக்சேன், டைமெதிகோன், டைமெதிகோனால் என்று சிலிகோன்கள் வந்தால் நம் ஊருக்கு நல்லது; ஈரத்தைத் தடுக்கும் அந்த மெல்லிய பூச்சு இவைதான். லிவான், ஸ்ட்ரீக்ஸ் போன்ற எல்லாக் கடையிலும் கிடைக்கும் சீரங்கள் இந்த வகைதான். சிலிகோன் என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறையாவது நன்றாக ஷாம்பு போடுகிறவர் முடியில் அது அடுக்கடுக்காகத் தங்குவதில்லை. கிளிசரின் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் முடியை உப்பவைக்கும். கழுவாமல் விடும் கிரீமிலோ கற்றாழை ஜெல்லிலோ கிளிசரின் முதல் ஐந்து பெயர்களுக்குள் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஷாம்புவில் இருந்தால் பரவாயில்லை. அதேபோல் செட்டியரில் ஆல்கஹால் (Cetearyl Alcohol) என்பது முடியை மென்மையாக்கும் கொழுப்புப் பொருள். முடியை வறட்சியாக்குவது ஆல்கஹால் டினாட். இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல கண்டிஷனரை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஜெல்லிலும் ஸ்பிரேயிலும் ஸ்டைலைப் பிடித்து நிறுத்துவது முடிமேல் படலமாகக் காயும் பாலிமர்கள். மலிவான ஜெல்லில் பெரும்பாலும் பிவிபி (PVP) என்ற பாலிமர் இருக்கும். உலர்ந்த காற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதுவே ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கும். விபி/விஏ கோபாலிமர் அல்லது அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்று எழுதியதைத் தேடி வாங்குங்கள். விலை பெரிதாகக் கூடாது, பிடிப்பு கூடுதல் நேரம் நிற்கும்.

இனி உலர்த்தும் வேலை. பார்லரில் நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த அரைமணி நேரப் பொறுமைக்குத்தான் போகிறது, ஆகவே இதில் அவசரம் கூடாது. தலையை டவலால் பரபரவென்று தேய்க்காதீர்கள், முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் எழும்பும். மெல்லிய தோர்த்துத் துண்டிலோ பழைய பருத்தி டிஷர்ட்டிலோ முடியைப் பொதிந்து அழுத்தி எடுங்கள். சொட்டு நின்று, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில் சீரம் போட வேண்டும். உள்ளங்கையில் ஒரு மில்லி விட்டு இரு கையிலும் பரப்பி, காதுமட்டத்திலிருந்து நுனிவரை முதலில். கையில் மிச்சம் ஒட்டியிருப்பதை மட்டும் மேல்முடியில் தடவுங்கள். மண்டையில் போட்டால் மத்தியானமே எண்ணெய் வழிந்ததுபோல இருக்கும்.

டிரையர் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: காற்றை ஒரு கோடாக்கும் தட்டையான மூக்கு, குளிர்காற்றுப் பட்டன், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி. சாதாரண முடிக்கு 1200 வாட்ஸ் போதும். 230 வோல்ட்டில் அது ஐந்து ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், 6 ஆம்ப் சின்ன பிளக் தாங்கும். 2000 வாட்ஸ் டிரையர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கு 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும். சின்ன பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டுக் குத்தினால் பிளக் பாயின்ட் சூடாகி உருகும். கரண்ட் போன நேரம் வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டையும் போட வேண்டாம். செலவைக் கேட்டால், 1200 வாட்ஸ் டிரையர் 15 நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் மூன்று பங்குதான்.

முடியை நான்காகப் பிரித்து கிளிப் போடுங்கள். பிடரியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். ஒரு தடவைக்கு எடுக்கும் கற்றை உருண்டை பிரஷ்ஷின் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தோளளவு முடிக்கு மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள பிரஷ் சரியாக வரும். டிரையர் முடியிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் நிற்காமல், மூக்கு வேரிலிருந்து நுனியைப் பார்த்து இருக்கட்டும். எதிர்ப்பக்கமாக ஊதினால் செதில் திறந்து பரட்டையாகும். கற்றை உலர்ந்ததும் நுனியிலிருந்து பிரஷ்ஷில் சுற்றி, சூடாக ஐந்தாறு நொடி, பிறகு குளிர்காற்றுப் பட்டனை அழுத்திப் பத்து நொடி. கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு போனபிறகுதான் பிரஷ்ஷை உருவ வேண்டும். சூடாக இருக்கும்போதே உருவினால் சுருள் அந்த நிமிடமே நீளும், ஏனென்றால் பிணைப்பு பிடிப்பது ஆறும்போதுதான். ஒரே பிரஷ்ஷில் நேரம் போகிறது என்றால் ஒட்டும் ரோலர் ஆறு வாங்கி, சூடான கற்றையை அதில் சுற்றி விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இந்த வேலையில் ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகும் நல்ல கருவி அதுதான்.

ஸ்ட்ரெய்ட்னரில் டிகிரி காட்டாத மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மெல்லிய முடிக்கு 150, சாதாரண முடிக்கு 170 முதல் 180 டிகிரி. 200-க்கு மேல் யாருக்கும் தேவையில்லை. முடி முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். வைத்ததும் சுர்ரென்று சத்தம் வந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள் குமிழி உண்டாக்குகிறது, அந்த இடத்தில் பின்னால் முறியும். ஒரே கற்றையை ஐந்து தடவை இழுப்பதைவிட மெல்லிய கற்றையாக எடுத்து ஒருமுறை மெதுவாக இழுப்பது மேல். சூட்டுக்கு முன்னால் ஹீட் புரொடெக்டன்ட் ஸ்பிரேயோ சிலிகோன் சீரமோ போட்டு உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெயை அதற்குப் பதிலாக வைக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடிய ஜெல் ஒன்று உண்டு, சுருட்டை முடிக்காரர்களுக்கு. இரண்டு மேசைக்கரண்டி ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் வைத்தால் முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். சூட்டோடு தோர்த்தில் வடித்துவிடுங்கள், ஆறினால் வடியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், வாசம் மாறினால் கொட்டிவிடுங்கள். ஈரமுடியில் போட்டுக் கசக்கி, உலரும்வரை தொடாமல் விட வேண்டும். நாள் முழுக்கப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்யாணத்துக்கு இது போதாது.

எந்த ஜெல்லாக இருந்தாலும் வெள்ளையாக உதிர்கிறது என்றால் பொடுகு என்று பயப்படும்முன் ஒன்று செய்து பாருங்கள். சீரம் ஒரு சொட்டு, ஜெல் ஒரு சொட்டு உள்ளங்கையில் சேர்த்துத் தேயுங்கள். திரிந்து பொரிப்பொரியாகப் போனால் இரண்டும் ஒத்துப்போகாதவை. ஒன்றை மாற்றினால் உதிர்வது நிற்கும்.

கல்யாண நாள் கொண்டைக்கு நம் பக்கம் தோவாளைப் பிச்சிப்பூ வைக்காமல் முடியாது. நாலு முழம் பிச்சியின் கனத்தை வழுவழுப்பான முடி தாங்காது. ஆகவே தலைக்குளியல் முந்தினநாளே ஆகிவிட வேண்டும். கொண்டைக்கு அடியில் சின்னதாக ஒரு பின்னல் போட்டு வட்டமாகச் சுற்றிக் குத்திவிட்டால் ஸ்லைடுக்கும் யு-பின்னுக்கும் அது பிடிமானம். ஸ்லைடின் வளைந்த பக்கம் மண்டையைப் பார்த்து இருக்கட்டும், இரண்டைக் குறுக்கே போடுங்கள். குத்தும்முன் ஸ்லைடின்மேல் ஹேர் ஸ்பிரே அடித்தால் வழுக்காது. ஸ்பிரேயை 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மெல்லியதாக இரண்டு தடவை அடிக்க வேண்டும், கிட்டப் பிடித்தால் ஈரமாகிக் கட்டிப்பிடிக்கும். அது தீப்பிடிக்கும் பொருள். அடுப்பும் குத்துவிளக்கும் இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது.

வீட்டிலேயே கெரட்டின் என்று சொல்லி விற்கும் முடி நீட்டும் கிட்டுகளிலிருந்து விலகியே இருங்கள். சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும் பொருள்கள் இருக்கும். கிளையாக்சிலிக் ஆசிட் உள்ளவற்றைப் போட்டபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன.

வாங்கிய பொருளைக் குளியலறையில் வைக்காதீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து ஸ்பிரே டின்னின் அடிப்பக்கத்தைத் துருவாக்கும். ஸ்ட்ரெய்ட்னரின் தகட்டை ஆறியபிறகு ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, அலமாரியில் வையுங்கள். தகட்டில் கருகிய சீரம் ஒட்டியிருந்தால் அடுத்த தடவை முடி இழுபடும். பிரஷ்ஷில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு, மாதம் இருமுறை ஷாம்பு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவிக் கவிழ்த்து உலர்த்தலாம். மரக்கைப்பிடி என்றால் ஊறவைக்காமல் முள்ளை மட்டும் தேயுங்கள், மரம் ஊதிப்போகும்.