ஜாடியில் கிடந்த திருக்கை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல்மீன் என்றால், கெடாமலிருக்க மருந்தில் போட்டு வைத்த ஃபார்மலின் ஜாடிதான். (வாத்தியாரும் வாய்க்கால்காரன்தான்.) ஒரு ஜாடியில் சின்னத் திருக்கை. லேபிளில் 'நியோட்ரைகான் குஹ்லி, நீலப்புள்ளித் திருக்கை' என்றிருக்கும்.

"நீலமே காணோமுங்களே சார்?" என்றாள் ஒரு மாணவி.

ஃபார்மலினில் நிறம் வெளுத்துவிடும் என்றேன். அது சரிதான். அந்த நீலத்தை நானும் பார்த்ததில்லை என்பதைத்தான் சொல்லவில்லை.

முழுசாக ஒன்றைப் பார்க்கலாம் என்று கோயம்புத்தூர் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். முள் குத்தும் என்று வாலை வெட்டிவிட்டு அடுக்கியிருந்தார்கள். எனக்கு வேண்டியதே வால்! இந்த இனத்துக்கு முள்ளைத் தாண்டி வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை இருக்கும்.

அப்புறம் ஒரு வருஷம் மாணவர்களோடு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போனோம். பாக் விரிகுடாப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீர். "காலைத் தூக்கி வைக்காதீங்க சார், தரையோட தேச்சுக்கிட்டே வாங்க" என்றார் கூட வந்த மீனவர். தூக்கி வைத்தால் மணலில் கிடக்கும் திருக்கையின் முதுகில் மிதிப்போம். விஷமுள் கணுக்காலில் ஏறும். தேய்த்து நடந்தால் அதுவே விலகிவிடும்.

அவர் காட்டிய இடத்தில் எனக்கு மணல்தான் தெரிந்தது. வெகுநேரம் கழித்து இரண்டு கண்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள், வெயிலில் படுத்த ஆட்டின் விலாவைப் போல அடித்துக்கொண்டிருந்தன. வாய் அடிப்பக்கம் மணலில் புதைந்திருப்பதால் அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். எத்தனையோ தடவை போர்டில் வரைந்த துளை. அது அசையும் என்றே நினைத்ததில்லை.

மணலை உதறிக் கிளம்பியது. கண்களின் குறுக்கே கறுப்புக் கட்டு, பழுப்பு உடம்பில் நீலப்புள்ளி, பட்டை போட்ட வால். "குஹ்லி!" என்று கத்தினேன்.

அதுவும் தப்பு. ஊர் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது. 1841-இல் வைத்த அந்தப் பெயரில் பல கடல்களின் திருக்கைகளை ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார்கள். 2016-இல் பிரித்தபோது பெயர் சாலமன் தீவுப் பக்கத்து மீனுக்குப் போய்விட்டது. நம் கடலில் இருப்பதற்கு 2018-இல் நியோட்ரைகான் இண்டிகா என்று பெயரிட்டார்கள். ஆக, எந்தக் கடலில் பிடித்தது என்று தெரியாமல் பெயர் சொல்ல முடியாது. ஜாடியில் அதை யாரும் எழுதவில்லை.

பழைய லேபிளைக் கிழித்துவிட்டு, 'நியோட்ரைகான்' என்று மட்டும் பென்சிலில் எழுதினேன். கீழே 'பிடித்த இடம்', அதற்கு எதிரே ஒரு கோடு.

"பாதிப் பேருதானுங்க சார் இருக்குது?"

"மீதி தெரியலை கண்ணு" என்றேன்.