பெரட்டுக்களத்தில் வாங்கும் கையெழுத்து

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் இரத்த மாதிரி எடுத்து ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதலில் போவது தோட்ட ஆபிசுக்கு. துரையின் (தோட்ட நிர்வாகியின்) அனுமதி இல்லாமல் தோட்டத்தின் எந்த டிவிஷனுக்குள்ளும் இறங்க முடியாது என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் வரிசையில், கங்காணி பெயர் கூப்பிட, வரிசையில் நிற்கும் பெண்கள் ஒவ்வொருவராகச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அங்கே நடப்பது வேலை உத்தரவுக்குக் கீழ்ப்படிதல். உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டு, 2024இல் மறுபடியும் திருத்திய, மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் இதில் தெளிவாக இருக்கிறது: சமூகத் தலைவர்களுடன் கலந்து பேசலாம், முடிவெடுக்கக்கூடிய ஒருவரை, அவர் தானாக ஒத்துக்கொள்ளாமல் ஆய்வில் சேர்க்க முடியாது.

ஈ.எம்.ஏ. (தோட்ட மருத்துவ உதவியாளர்) மூலம் சம்மதம் வாங்குவதும் இதே கோளாறுதான். அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். காய்ச்சல் வந்தால் நாளைக்கு அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அப்படி ஒருவரிடம் “வேணாங்க ஐயா” என்று எந்த அக்கா சொல்வார்? மருத்துவரைச் சார்ந்திருக்கும் நிலையில் உள்ளவரிடம், அந்த உறவுக்கு வெளியே இருக்கும் தகுதியான ஒருவரே சம்மதம் கேட்க வேண்டும் என்பதும் அதே பிரகடனத்தில் உள்ளது. இதற்கு, தமிழ் பேசும், தோட்டத்தோடு சம்பளத் தொடர்பு இல்லாத ஒருவரை ஆய்வுக் குழுவே பயிற்றுவித்து அழைத்து வர வேண்டும். இந்தச் செலவைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுகிறார்கள்.

சம்மதம் கேட்க வீட்டுக்கு இரண்டு தடவை போக வேண்டும். முதல் தடவை தகவல் தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டி, வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். கையெழுத்து குறைந்தது ஒரு நாள் கழித்து. ஞாயிறு நல்ல நாள், ஆனால் பத்தாம் திகதிச் சம்பளத்தை ஒட்டி வரும் ஞாயிறு வேண்டாம். எல்லாரும் டவுனில் இருப்பார்கள். வேலை நேரத்தில் கூப்பிட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு மணித்தியாலம் போனால் கொழுந்தின் நிறை எட்டாது, முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) அரைப்பேராகிவிடும். அந்த இழப்பை ஆய்வுப் பணம் ஈடு செய்ய வேண்டும். அதற்கு மேல் அள்ளிக் கொடுத்தால், மறுக்க முடியாத ஆசையைக் காட்டியதாகிவிடும்.

தாளில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. எவ்வளவு இரத்தம் (5 மில்லிலீட்டர் என்றால் ஒரு தேக்கரண்டி என்று சேர்த்துச் சொல்லுங்கள்), எதைப் பார்க்கிறார்கள், மிச்ச இரத்தம் என்னவாகும். அதைச் சேமித்து வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்குத் தனிக் கையெழுத்து. வேண்டாம் என்றால் டிஸ்பென்சரி மருந்திலோ வேலையிலோ எந்த மாற்றமும் வராது என்ற வரி கட்டாயம். பிறகு “நான் சொன்னத நீங்க ஒருக்கா சொல்லுங்க அக்கா” என்று கேளுங்கள். “இரத்தம் எடுத்தாத்தான் மாத்திரை தருவாங்களாம்” என்று பதில் வந்தால் விளக்கம் தோற்றுவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சியாக இருப்பவர் ஆய்வுக் குழுவையோ நிர்வாகத்தையோ சேராதவராக இருக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) பேட்டி எடுத்தால் பக்கத்துக் காம்பரா கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கருச்சிதைவு, குடும்பக் கட்டுப்பாடு, கணவனின் குடி பற்றிய கேள்விகளைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பிள்ளை மடுவத்தில் (தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில்) வைத்துக் கேட்கலாம். அறிக்கையில் பெயரை நீக்கிவிட்டு, தோட்டம், டிவிஷன், வயது மூன்றையும் எழுதுபவர்களும் உண்டு. ஒரு டிவிஷனில் பத்தொன்பது வயதுக் கர்ப்பிணி ஒருத்திதான் இருப்பாள். யாரென்று கோயில் திருவிழாவுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களைத் தனி வகைத் தரவாக வைத்திருப்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, முடிவுகள். இரத்தசோகை ஆய்வென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஹீமோகுளோபின் எல்லை கர்ப்பிணிகளுக்கு டெசிலீட்டருக்கு 11 கிராம் (நடு மூன்று மாதங்களில் 10.5), கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12. நுவரெலியா போன்ற உயரத்தில் இதற்குத் திருத்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் குறைந்தவரும் சுகமானவராகப் பதிவாவார். கர்ப்பிணியின் அளவு 7க்குக் கீழே இருந்தால் மாதக் கடைசி அறிக்கை வரை காத்திருக்க முடியாது. அன்றைக்கே கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். யார் அனுப்புவது, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பது நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன்மொழிவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.