"சந்தேகமே இல்லை, இவர்தான்"

சாட்சிக் கூண்டில் நின்று ஒருவர் "சந்தேகமே இல்லை, இவர்தான்" என்று கைகாட்டிவிட்டால், அதற்கப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டாலும் எடுபடுவதில்லை. ரொனால்ட் காட்டன் வழக்கைப் படித்ததிலிருந்து அந்த உறுதியைக் கண்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

1984 ஜூலை, அமெரிக்காவின் வட கரோலினாவில் பர்லிங்டன் என்ற ஊர். 22 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தன் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உயிர் பிழைத்தால் இவனை ஜெயிலுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று, அந்த நிலையிலும் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? ஆனாலும் அவர் காட்டியது வேறு ஆளை.

போலீஸார் ஆறு போட்டோக்களை முன்னால் வைத்தார்கள். சில நிமிடங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் காட்டனின் படத்தை எடுத்தார். சரியாகச் செய்தேனா என்று அவர் கேட்க, நன்றாகச் செய்தீர்கள் என்றார்கள். அப்புறம் ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். போட்டோ, வரிசை இரண்டிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். அப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் தயங்கித்தான் அவரைச் சொன்னார், ஆனால் போட்டோவில் எடுத்ததும் இவரைத்தான் என்று தெரிந்ததும் அந்தத் தயக்கம் போயே போய்விட்டது. 1987 மறுவிசாரணையின்போது உண்மையான குற்றவாளியையே எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணோ, இவரைப் பார்த்ததே இல்லை என்றார்! 1995-ல் டிஎன்ஏ சோதனையில் உண்மை வெளிவந்தபோது காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அவருடைய தயக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாக மாற்றியது விசாரணை நடந்த விதம். அதனால்தான் முதல் தடவை படத்தைப் பார்த்ததும் சாட்சி என்ன சொன்னார், எவ்வளவு நிச்சயமாகச் சொன்னார் என்பதை அங்கேயே பதிவு செய்ய வேண்டும். சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரிதான் படங்களைக் காட்ட வேண்டும். வட கரோலினா 2007-ல் இதற்கென்றே சட்டம் போட்டது.

இந்தியாவில் அடையாள அணிவகுப்பை, அதாவது சந்தேக நபரை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வதை, மாஜிஸ்திரேட் நடத்துகிறார், அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்பே டிவியில் முகம் வந்துவிட்டால் அந்த அணிவகுப்புக்கு என்ன மதிப்பு? போதாததற்கு, சட்டத்தின் பார்வையில் அணிவகுப்பு வெறும் துணைச் சான்று, நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதே பிரதான சாட்சியம். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரோ ஒரே ஆள். அங்கே யாரைக் காட்டுவார்கள்?