நஞ்சு விழுந்தது, முழுசாக விழுந்ததா?

ஆணா பெண்ணா என்று கேட்டு முடித்ததும் பிரசவ அறை வாசலில் நிற்கும் பாட்டி அடுத்து கேட்பது, "நஞ்சு விழுந்துருச்சா?" என்பதுதான். நஞ்சு என்றால் நஞ்சுக்கொடி, பிளாசென்டா. உள்ளே இருக்கும் நர்சும் டாக்டரும் கூடுதலாக ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: முழுசாக விழுந்ததா?

விழாத நஞ்சு யாரையும் ஏமாற்றுவதில்லை. அரை மணி நேரமானால், ரத்தம் கொட்டினால் அதற்கும் முன்பே, எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். ஏமாற்றுவது உள்ளே தங்கிய துண்டுதான். கர்ப்பப்பைத் தசை சுருங்கித்தான் ரத்தக்குழாய்களை நெரித்து மூடுகிறது. இடையில் துண்டு கிடந்தால் அந்தப் பிடி இறுகாது. தடவினால் கெட்டிப்படும், கையை எடுத்தால் தொளதொளக்கும், ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இளம் தாய்க்கு பி.பி. கடைசியில்தான் இறங்கும், நாடித்துடிப்பு முன்பே ஏறிவிடும்.

ஆகவே நஞ்சை நேரே பக்கெட்டில் போடாதீர்கள். ரத்தக் கட்டிகளைக் கழுவி, தாய்ப் பக்கம் (கர்ப்பப்பையில் ஒட்டியிருந்த பக்கம்) மேலே வரும்படி இரு உள்ளங்கைகளில் ஏந்திப் பாருங்கள். மடல்கள், அதாவது நஞ்சின் சதைப் பகுதிகள், இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். பிறகு தொப்புள்கொடியைப் பிடித்துத் தூக்கினால், குழந்தையைச் சுற்றியிருந்த சவ்வு பைபோலத் தொங்கும். அதன் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடி வந்து அறுந்து நின்றால், தனி மடல் ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிட வேலைதான், நைட் டியூட்டியில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

நஞ்சோ துண்டோ உள்ளே இருப்பது உறுதியானால் முதலில் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். நிரம்பிய பையே பல நேரம் தடையாக இருக்கும். நரம்பில் 16 அல்லது 18 கேஜ் (பெரிய அளவு) ஊசி இரண்டு, ரத்தம் கிராஸ்மேட்சுக்கு (ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்க), கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப். ரத்தப்போக்கு இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக, பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள். நஞ்சு விழும்முன் மெத்தர்ஜின் ஊசி வேண்டாம், கர்ப்பப்பை இறுகி நஞ்சை உள்ளேயே பூட்டிவிடும்.

கையால் எடுப்பது மயக்க மருந்துடன், ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக்குடன். முழங்கை வரை கிளவுஸ், வெளிக்கை வயிற்றின் மேல் கர்ப்பப்பையைத் தாங்க, உள்கை விளிம்பைத் தேடி, ரம்பம்போல அசைந்து பிரிக்க வேண்டும். பிரியும் தளம் கிடைக்கவில்லையா, நிறுத்துங்கள். முன்பு சிசேரியன் ஆனவரென்றால் நஞ்சு தசைக்குள் வேரோடியிருக்கலாம். பிய்த்தால் வெள்ளம்தான், சர்ஜனும் ரத்தமும் வந்த பிறகு தொடுங்கள்.

சவ்வு குறைந்திருந்தால் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பத்தாம் நாள் காய்ச்சலும் நாற்றமுமாகப் போக்கு வந்தாலும் வீட்டில் அதைத் தீட்டு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால் உடனே கூட்டி வரச் சொல்லி அந்தப் பாட்டியிடமே சொல்லி அனுப்புங்கள்.