800 மீட்டரும் ஊட்டிக் காற்றும்

மலைப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஃப்ரீஸ்டைல் சொல்லித்தர ரெபெக்கா அட்லிங்டனின் 800 மீட்டரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. இவர் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த நீச்சல் வீராங்கனை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 8:14.10-இல் (8 நிமிடம் 14.10 வினாடி) முடித்துத் தங்கம் வாங்கினார். அன்று உடைந்தது அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ் 1989-இல் வைத்த உலக சாதனை, 8:16.22. எவன்ஸ் அதை நீந்தியபோது அட்லிங்டன் கைக்குழந்தை!

அட்லிங்டனின் 8:14.10-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரி 30.9 வினாடி. இரண்டாவதாக வந்தவர் ஆறு வினாடிக்கு மேல் பின்னால், அதாவது சுமார் பத்து மீட்டர். அதே பெய்ஜிங்கில் 400 மீட்டர் தங்கம் வேறு மாதிரி வந்தது. அமெரிக்காவின் கேட்டி ஹாஃபை 0.07 வினாடியில் முந்தினார். அந்த வேகத்தில் அது அரைச் சாண் தூரம்தான். முன்பாதியில் மூச்சைக் கொட்டிவிட்டவருக்குக் கடைசி 50-இல் அந்த அரைச் சாண் கிடைக்காது.

ஊட்டியில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். கீழே முதல் 100-ஐ வேகமாக அடித்தால் 600-இல் தளர்ச்சி தெரியும். இங்கே 300-லேயே தோள் கனத்துவிடும்.

800-ஐ 12 நிமிடத்தில் முடிக்கப் பார்க்கும் பிள்ளைக்கு 50-க்கு 45 வினாடி. 16 தடவை 50 மீட்டர், ஒவ்வொன்றும் 45-இல், நடுவே 15 வினாடி ஓய்வு என்பது சமவெளிப் பயிற்சி. மலையில் ஓய்வை 25 முதல் 30 வினாடி ஆக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஓய்வைக் கூட்டாமல் விட்டால் பிள்ளை மெதுவாக நீந்தத்தான் பழகும்.

நேரத்தோடு கைவீச்சையும் எண்ணுங்கள். முதல் 50-இல் 44 வீச்சு, பத்தாவதில் 52 என்றால் நேரம் சரியாக இருந்தாலும் நீச்சல் கெட்டுவிட்டது. முழங்கை தாழ்ந்து, கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு என்ற பிடிவாதமும் மலைக்கு ஒத்துவராது. இரண்டுக்கு ஒன்று போதும். சுவரை நெருங்கும்போது தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைக் கண்டிப்பாக ஒழியுங்கள். 25 மீட்டர் குளத்தில் 800-க்கு 31 டர்ன், அதாவது சுவரில் திரும்புவது. ஒவ்வொன்றிலும் கால்வினாடி போனால் ஏறக்குறைய எட்டு வினாடி.

தண்ணீரின் குளிரும் பெரிய விஷயம். போட்டிக் குளம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும். சூடாக்காத திறந்த குளத்தில் டிசம்பர் காலையில் இறக்கினால் மூச்சு அடைக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நாளில் தரைப் பயிற்சியே போதும்.

அட்லிங்டன் 2011-இல் ஷாங்காயில் 800-இன் உலகப் பட்டம் வென்றார், 2012 லண்டனில் இரண்டு வெண்கலம் வாங்கினார், 2013-இல் 23 வயதில் ஓய்வு பெற்றார். பன்னிரண்டு வயதிலேயே பிள்ளையை விரட்டுகிற பெற்றோர் இந்தக் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். உச்சத்தில் நீந்தக் கிடைப்பது சில வருடங்கள்தான், அதற்கு முன்பே தோளைத் தேய்த்துவிடக் கூடாது.

கோயம்புத்தூருக்குப் போட்டிக்கு இறங்கினால் மூச்சு தாராளமாகக் கிடைக்கும். அந்தச் சுகத்தில்தான் மலைப் பிள்ளைகள் முதல் 100-இல் பாய்ந்துவிடுகிறார்கள். முந்தின நாள் அதே குளத்தில் நாலு 100 மீட்டர், ஒவ்வொன்றும் சரியாக 1:30-இல், ஸ்டாப்வாட்ச் வைத்து நீந்த வையுங்கள். 1:27 வந்தால் பாராட்டாமல், திரும்ப 1:30-இல் நீந்தச் சொல்லுங்கள்.