ஃபியட் முக்கல்: டெல்கோவா, கார்பரேட்டரா?

அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி. ஆர்.சி. புக்கில் என்ன பெயர் இருந்தாலும் எங்கள் வீட்டில் அது ஃபியட்தான். 1089 சிசி, நாலு சிலிண்டர், பாயிண்ட் வைத்த டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர்; அதற்குள் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற சுவிட்ச்தான் பாயிண்ட்), காற்றில் பெட்ரோலைக் கலக்கிற சோலெக்ஸ் கார்பரேட்டர். ஸ்கேனர் மாட்டி கோளாறு பார்க்கிற வேலையெல்லாம் இதில் நடக்காது. காதும் மூக்கும் ஒரு மல்டிமீட்டரும்தான்.

கோளாறு மூன்று. காலையில் சோக்கை இழுத்துவிட்டு நீளமாக செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்த பிறகு ஐடிலிங்கில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) நடுக்கம், நடுநடுவே மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது. மூன்றாவதுதான் மானத்தை வாங்கியது: மதுரை காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் வண்டி நகரும். பின்னால் நிற்கிற ஷேர் ஆட்டோக்காரர் சும்மா இருப்பாரா?

கேட்டவர்கள் எல்லாரும் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரண்ட் பக்கம் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் ஜெட்டில் (கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை) ஸ்க்ரூ டிரைவரை வைத்தால், எது தானாகக் கெட்டது, எது நாம் கெடுத்தது என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. திருநகரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார். "மொதல்ல எர்த்தப் பாருங்க தம்பி. ஜெட்டு எங்கிட்டும் ஓடிப் போயிறாது."

பார்த்தேன். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், குறையில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு தம்பியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது 1.4 காட்டியது. அவ்வளவும் பேட்டரி நெகட்டிவை வண்டியோடு இணைக்கிற எர்த் ஒயரிலேயே வீணாகிறது என்று அர்த்தம். செல்ஃப் மோட்டார் இழுத்தது போக மிச்சத்தில்தான் காயில் (பேட்டரி வோல்ட்டை ஸ்பார்க் அடிக்கிற அளவுக்கு ஏற்றுவது) ஸ்பார்க் கொடுக்க வேண்டும். அந்த மிச்சத்திலும் இப்படிக் கை வைத்தால் காலையில் எப்படிப் பிடிக்கும்? ஒயர் நுனி பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் 0.2-க்கு இறங்கியது. செல்ஃப் சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது.

அடுத்து டெல்கோ. மூடியைக் கழற்றி பாயிண்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு முனையில் சின்னக் குழி, எதிர் முனையில் அதே அளவுக்கு ஒரு முளை. ஒரு பக்கத்து உலோகம் இன்னொரு பக்கம் போய் ஒட்டியிருக்கிறது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம், பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி அடிக்காமல் பார்த்துக்கொள்கிற கண்டென்சர் மேல். இரவில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, மூடி இல்லாமல் செல்ஃப் அடித்துப் பார்த்தோம். பாயிண்ட்டுக்கு நடுவே பளிச் பளிச்சென்று நீலமாகப் பொறி. பிளக்கில் விழ வேண்டிய பொறி அது. கண்டென்சர் நன்றாக இருந்தால் இவ்வளவு வெளிச்சம் இங்கே தெரியாது.

சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய ஸ்பேர் கடையில் பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் கிடைத்தன. புது கண்டென்சரை அப்படியே மாட்டாதீர்கள். கெபாசிட்டன்ஸ் பார்க்கிற மீட்டர் இருந்தால் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது 0.22 மைக்ரோஃபாரட் காட்டியது, சரி. பாயிண்ட் இடைவெளியை 0.45 மில்லிமீட்டரில் வைத்தேன். குழி விழுந்த பாயிண்ட்டில், இடைவெளி அளக்கிற தகடான ஃபில்லர் கேஜ் பொய் சொல்லும், ஏனென்றால் அது முளையின் மேல்தான் உட்காரும். குழியின் ஆழம் கணக்கில் வராது. அதனால் பழையதை ராவி ஓட்டும் யோசனையை விட்டுவிட்டேன். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி விழுகிற நேரமும், மாறும். எனவே முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங் லைட்.

மிஸ்ஸிங் போனது. ஐடிலிங் சீராக நின்றது. முக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போதுதான் கார்பரேட்டரின் முறை, அதுவும் ஒரே ஒரு பாகத்துக்கு. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப், ஒரு பீய்ச்சல் பெட்ரோலை உள்ளே அடிக்கிறது. இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைத் தூக்கிவிட்டு, திராட்டிலைக் கையால் அசைத்தால் அந்தப் பீய்ச்சல் கண்ணுக்கே தெரிய வேண்டும். எனக்கு வந்தது கம்பி மாதிரி அல்ல, சொட்டு, அதுவும் தாமதமாக. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், உள்ளே இருந்த டயாப்ரம், அந்த பம்பின் ரப்பர் சவ்வு, பொரிக்காத அப்பளமாக விறைத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரத்தில் கீறல்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்ததில்லை. அதோடு எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், அதே பழைய ஜெட்டில் கலவை கொஞ்சம் நீர்த்துவிடுகிறது. முக்கல் இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் முழுப் பழியையும் எத்தனால் தலையில் போட மாட்டேன். அந்த ரப்பருக்கும் வயசு ஆகியிருக்கிறது. புது கிட் போட்டதும் பீய்ச்சல் வந்தது. தல்லாகுளத்தில் ஏறி நத்தம் ரோடு மேம்பாலம் முழுக்க, 7.3 கிலோமீட்டரும், மூன்றாவது கியரில் விட்டு விட்டு மிதித்துப் பார்த்தேன். முக்கல் இல்லை.

காலை ஸ்டார்ட்டிங் பாதி சரியாகி, பாதி நின்றது. விடிந்ததும் திராட்டிலை அசைத்தால் பீய்ச்சல் இல்லை. ராத்திரியில் பெட்ரோல் எங்கோ இறங்குகிறது. சிரிஞ்சில் கொஞ்சம் பெட்ரோலை கார்பரேட்டர் வாயில் விட்டால் உடனே பிடித்தது. (ஏர் கிளீனர் இல்லாமல் முகத்தை மேலே நீட்டிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், பின்வெடி வரும்.) காரணம் டேங்குக்கும் அதிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ். அந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெடிப்பு இருந்தாலும் பெரிதாக ஒழுகாது. காற்றை உள்ளே விட்டு, பெட்ரோலைத் திரும்ப டேங்குக்கே அனுப்பிவிடும். அதனால் தரையில் ஈரமே இருக்கவில்லை. எத்தனால் தாங்குகிற ஹோஸாகப் பார்த்து வாங்கி மாட்டினேன், கிளிப்பும் புதிது.

இன்னும் ஒன்று பாக்கி. மத்தியான வெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்தி, கால் மணி நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் மக்கர் பண்ணுகிறது. சூட்டில் காயில் சோர்கிறதா, பெட்ரோல் ஆவியாகிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். சூடாக மறுக்கும்போது முதலில் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்ப்பேன். நீலமாக வந்தால் காயிலை விட்டுவிட்டு, பம்ப் பக்கம் போவேன்.