கிராம சபையைக் காலனிக்குக் கொண்டுவந்த கதை

கிராம சபைக் கூட்டத்தைச் சுழற்சி முறையில் வெவ்வேறு இடங்களில் நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் வரும் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் ஊராட்சியில் எப்போதும் ஊருக்குள் இருக்கும் அலுவலக வாசலில்தான். காலனிப் பெண்கள் போனால் ஓரமாக நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

வாயால் கேட்டால் "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்பார்கள். அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன்: முந்தைய கூட்டங்கள் எங்கெங்கே நடந்தன, யார் முடிவு செய்தது? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பினேன், 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பதில் வந்தது, எல்லாம் ஒரே இடம். அந்தத் தாளையும் சுற்றறிக்கையையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். ரசீது இல்லாமல் மட்டும் திரும்பி வராதீர்கள். அப்புறம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலிருந்து போன் வந்து, அக்டோபர் 2 கூட்டம் எங்கள் அங்கன்வாடி முன்னால் என்று முடிவானது.

மக்கள் தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அன்றைக்கு அதற்கு மேலேயே வந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். தலைவர் பெண்தான் (2016 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு), ஆனால் வழக்கம்போல அவர் கணவரும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலராக, வந்திருந்த அம்மா, "சார், நீங்க வாக்காளர்தானே, அங்கே கூட்டத்தில் உட்காருங்க" என்றார். அதன்பிறகு வரவு செலவைத் தலைவரே வாசித்தார், கொஞ்சம் தடுமாறினாலும் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

குடிநீர் விஷயம் வந்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் எங்கள் தெரு கடைசி, நாங்கள் குடம் வைக்கும்போது தண்ணீர் நூலாக ஒழுகும். செயலர் தீர்மானப் புத்தகத்தில் "குடிநீர் வசதி மேம்படுத்தத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினார். நியாயமாகத்தான் தெரியும், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஊரில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் குழாய் போடலாம். தெருப் பெயர், எங்கிருந்து எங்கே தனிக்குழாய் என்று எழுதும்வரை கையெழுத்துப் போடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, காலி வரிகளில் கோடு போடச் சொல்லி, பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்து.

குழாய் வந்துவிட்டது, தாமதமாகத்தான். நடுவில் நிதி இல்லை என்றபோதெல்லாம் அந்தப் படத்தைத்தான் காட்டினோம். ஆனால் ஜனவரி 26 கூட்டம் மறுபடி பழைய வாசலுக்கே போய்விட்டது. மே 1-க்கு மேலத்தெருவில் வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், இந்தத் தடவை அந்தத் தெருக்காரர்களும் கூட வந்து கையெழுத்துப் போட்டார்கள்.